சிலிபினுக்கு வந்த விமான எஞ்சின்

1984 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, மலேசியாவின் ஈப்போ நகரத்து ஜெலாப்பாங்கில் இருந்த ஒரு லோரிக் கம்பெனியின் கிடங்கில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து இரண்டு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்று கமுந்திங்கில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டிய தண்ணீர் பம்ப். இன்னொன்றின் தாளை, ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நவமணி மூன்று முறை படித்தாள். பொருள்: விமான எஞ்சின், ஒன்று. எடை: எண்பத்து நான்கு கிலோ. பெறுபவர்: பட்டு மலாய், சிலிபின்.

சிலிபினில் அவள் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறாள். அங்கே கோயில் இருக்கிறது, சாப்பாட்டு ஒட்டுக்கடைகள் இருக்கின்றன, சைக்கிள் கடை இருக்கிறது. விமானம் வைத்திருக்கும் ஆள் யாரும் இருப்பதாக அவளுக்குத் தெரியாது. பட்டு மலாய் என்று ஒரு பெயரா? அதுவும் புரியவில்லை.

நவமணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பாவுக்கு ரப்பர் பால் ஸ்டோரில் எடை பார்க்கிற வேலை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. முதலில் புந்தோங், பிறகு சிலிபின். டைப்பிங் படித்து, 71-ல் இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். அந்த ஆபீசில் ஒரே பெண் அவள்தான். ஆங்கிலத் தாள்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆளும் அவள்தான். கல்யாணம் இரண்டு முறை பேசி நின்றுபோனது. கேட்டால் "நேரம் வரல" என்பாள்.

"இதுல என்னா யோசனை?" என்றார் டிரைவர் பிச்சைமுத்து. "பிளேன் சாமான் பிளேன் எறங்குற எடத்துக்குத்தான் போவணும். ஏர்போர்ட்டுல போட்டுட்டு வாரேன்."

"அட்ரஸ் சிலிபின்னு போட்டிருக்கேண்ணே."

"சிலிபின்ல எவன் வீட்டுக் கூரையில பிளேன் எறங்குது?"

உள்ளேயிருந்து முதலாளி, தவுக்கே லியோங், குரல் கொடுத்தார். தமிழ்த் தொழிலாளிகளோடு முப்பது வருடம் பழகியவர், தமிழ் சரளமாக வரும். "ஏர்போர்ட் லா! அட்ரஸ் சாலா, தப்பாப் போட்டிருப்பான். போ, போ."

இரண்டு பெட்டிகளும் ஒரே லோரியில் ஏறின. ஏர்போர்ட்டில் ஒன்றைப் போட்டுவிட்டு அப்படியே கமுந்திங் போகலாம் என்பது பிச்சைமுத்துவின் கணக்கு. அவர் புறப்பட்ட அரைமணி நேரத்தில் மழை பிடித்தது.

மாலையில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஏர்போர்ட் ஸ்டோரில் இது எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டார்களாம். கமுந்திங் பெட்டி சேர்ந்துவிட்டது, தாளில் தொழிற்சாலையின் முத்திரைச் சாப்பு இருந்தது. நவமணி திரும்பி வந்த பெட்டியைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அதன்மேல் விமான எஞ்சின் சீட்டு சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தது. காலையில் நேராக இருந்ததாக நினைவு. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மதியம் ஒரு ஆள் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கி உடை, நகங்களில் கிரீஸ்.

"எஞ்சின் வந்துருச்சான்னு கேக்க வந்தேன் தங்கச்சி. என் பேரு பத்துமலை."

ஆங்கிலத் தாளில் இருந்த பட்டு மலாய் யாரென்று அப்போதுதான் விளங்கியது.

"நீங்க எந்தக் கம்பெனிண்ணே?"

"கம்பெனி இல்ல. வீடு."

"வீட்டுக்கு எதுக்கு விமான எஞ்சின்?"

"விமானம் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர், கோழிக்கூண்டு கட்டுகிறேன் என்பது போல.

நவமணி டி.ஓ. என்கிற டெலிவரித் தாளை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவர் காட்டிய கடிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அமெரிக்காவில் கார் எஞ்சினைச் சிறு விமானத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பட்டறை ஒன்றின் கடிதம். கோலாலம்பூர் விமானத் துறையிலிருந்து, கட்டிக்கொள்ளலாம், பறப்பதற்கு முன் அதிகாரி வந்து சோதிப்பார் என்று ஒரு கடிதம். தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை பார்க்கும் மனிதர் ஏழு வருடமாக இந்த வேலையில் இருந்திருக்கிறார். நவமணி வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி.

அன்று மாலையே பிச்சைமுத்து பெட்டியைக் கொண்டுபோனார். வீட்டு வாசலில் ஃபோர்க்லிப்ட்டா இருக்கும்? எப்படி இறக்குவார்களோ என்ற கவலையில் நவமணியும் லோரியில் ஏறிக்கொண்டாள். உண்மையில் கவலை பாதிதான். விமானத்தைப் பார்க்க வேண்டும் என்பது மீதி.

வீட்டின் முன் ஹாலில் ஒரு இறக்கை சுவரோடு சாய்ந்து நின்றது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் உடல் பகுதி. அதன் வால் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பத்துமலையின் மனைவி செல்லாயி அதைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும்.

"வாங்க, பாத்து, தலையில இடிச்சுக்காதீங்க" என்றாள் செல்லாயி. "எனக்கும் மொதல்ல இடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. இப்ப பழகிருச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"சொன்னேன். குடிக்கல, சூது ஆடல, வேற எதாச்சும் செய்யட்டுமான்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல."

பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து சுலபமாகத் தூக்கி இறக்கினார்கள். பத்துமலை நெற்றியைச் சுருக்கினார். "எம்பத்து நாலு கிலோ இப்படியா இருக்கும்?" கடப்பாரையால் மூடியைப் பெயர்த்தார். வைக்கோலை விலக்கினார்.

உள்ளே பச்சை வண்ணம் அடித்த தண்ணீர் பம்ப் இருந்தது.

ஒரு வாளி ரப்பர் பாலைக்கூட நவமணியின் அப்பா இரண்டு தடவை எடை பார்க்காமல் எழுதமாட்டார். அவள் கிடங்கில் தராசு பத்தடி தூரத்தில் இருந்தும் பெட்டியை அதில் ஏற்றவில்லை. தாளை மட்டும் படித்திருக்கிறாள்.

"மழையில சீட்டு ரெண்டும் கழண்டு விழுந்துச்சு" என்று பிச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏர்போர்ட் ஸ்டோர்காரன் பசை வச்சிருந்தான். நான்தான் எடுத்து ஒட்டினேன். ரெண்டும் ஒரே மாதிரி பெட்டி. நான் என்னத்தக் கண்டேன்?"

அப்படியானால் எஞ்சின் கமுந்திங்கில். மறுநாள் காலை நவமணி போன் போட்டாள். எடுத்தவர் அங்கத்து ஸ்டோர் பொறுப்பாளர். குரலில் சலிப்பு.

"எங்க பம்ப் முந்தாநேத்தே வந்துருச்சே மிஸ். சாப்பு போட்டுக் குடுத்தாச்சு."

"தொறந்து பாத்தீங்களா?"

"அடுத்த மாசந்தான் மாட்டணும். இப்ப எதுக்குத் தொறக்கணும்?"

"அது பம்ப் இல்ல, ஏரோப்ளேன் எஞ்சின்."

"மிஸ், நாங்க ஏரோப்ளேன் எஞ்சின் ஆர்டர் பண்ணலியே."

"தெரியும். அது சிலிபின்ல ஒரு வீட்டுக்காரரோடது."

"வீட்டுக்காரரா?"

இதைப் புரியவைக்க இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் அவர் புரிந்துகொண்டது, ஈப்போவிலிருந்து யாரோ தங்கள் பம்பைத் திருப்பி வாங்கப் பார்க்கிறார்கள் என்பதைத்தான். நேரில் வந்தால் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை லோரியில் பம்பை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். பிச்சைமுத்து ஓட்ட, நடுவில் நவமணி, ஓரத்தில் அரைநாள் லீவு போட்ட பத்துமலை. சுங்கை சிப்புட்டைக் கடந்தபோது அவள் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துமலை மடியில் ஒரு துணிப்பை. அதில் கண்ணாடிபோல் தேய்த்த ஒரு இரும்புத் துண்டும், முள் ஓடுகிற ஓர் அளவுக் கருவியும் இருந்தன.

தொழிற்சாலை ஸ்டோரின் மூலையில் பெட்டி நின்றது. படுத்திருக்க வேண்டிய பெட்டி. இடத்தை மிச்சம் பிடிக்க நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மேலே காட்ட வேண்டிய அச்சடித்த அம்புகள் எல்லாம் சுவரைக் காட்டின. அடிமூலையில் பலகை பிளந்திருந்தது.

"இது எப்ப ஒடஞ்சுச்சு?" என்று கேட்டாள்.

"வரும்போதே அப்படித்தான்" என்றார் ஸ்டோர்காரர்.

"நான் எறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பிச்சைமுத்து.

"கிள்ளான்லயே விழுந்திருக்கும்" என்றார் பக்கத்தில் நின்ற ஃபோர்க்லிப்ட் டிரைவர், யாரும் கேட்காமலேயே.

நவமணி திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தாள். அந்த மூலை அன்று பிளந்திருந்ததா? அவளால் எவ்வளவு முயன்றும் அந்த மூலையை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். எஞ்சின் இருந்தது, வெள்ளி நிறத்தில், நான்கு சிலிண்டரோடு. பத்துமலை முன்பக்கத்தில் காற்றாடி மாட்டுகிற தட்டைக் கையால் தடவினார். அதன் விளிம்பில் ஒரு நசுங்கல். அளவுக் கருவியைப் பொருத்தி, தட்டை மெதுவாகச் சுற்றினார். முள் ஆடியது. மறுபடி சுற்றினார். மறுபடி ஆடியது.

"தண்டு வளைஞ்சிருக்கு."

"எவ்ளோண்ணே?"

"ஒரு முடியளவு."

"ஒரு முடிதானே?" என்றார் பிச்சைமுத்து ஆறுதலாக.

"கீழ இருக்கிற வரைக்கும் முடிதான்."

பிச்சைமுத்து டி.ஓ. தாளை நீட்டினார். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பத்துமலை பேனாவைத் திறந்துவிட்டார். எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவருக்கு.

"நில்லுங்கண்ணே" என்றாள் நவமணி. "அந்த வரிய அடிச்சிருங்க. பெட்டி ஒடஞ்சிருக்கு, தண்டு வளைஞ்சிருக்குன்னு எழுதுங்க. தேதி, நேரம் போடுங்க. அப்புறம் கையெழுத்து."

பிச்சைமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ நம்ம கம்பெனி ஆளுதானே?"

கம்பெனிக்கு எதிராக ஏன் எழுதச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் எழுதும்வரை பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஸ்டோர்காரரையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்தாள். அவர் எதற்கென்று புரியாமலே போட்டார், தன் பம்ப் வந்துவிட்ட சந்தோஷத்தில்.

மறுநாள் தவுக்கே அந்தத் தாளை மேசைமேல் போட்டார். "நீ யாருக்கு வேலை செய்றே நவமணி? எனக்கா, ஏரோப்ளேனுக்கா?"

"உடைஞ்சது உடைஞ்சதுதானே தவுக்கே."

"யார் உடைச்சான்?"

"தெரியல. அதனாலதான் யாருன்னு எழுதல. உடைஞ்சிருக்குன்னு மட்டும் எழுதச் சொன்னேன்."

தவுக்கே ஏதோ கேண்டனீஸில் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வாரமே கிடங்கு வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை தொங்கியது: எந்தப் பெட்டியும் தராசில் ஏறாமல் லோரியில் ஏறக்கூடாது.

பிறகு கடிதங்கள். அமெரிக்கப் பட்டறை கப்பல்காரரைக் கை காட்டியது. கப்பல்காரர் துறைமுகத்தைக் காட்டினார், துறைமுகம் லோரியைக் காட்டியது. பத்துமலை ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவார். நவமணி படித்துச் சொல்லி, பதில் டைப் அடித்துக் கொடுப்பாள். ஒரே எஞ்சின் நாலு இடத்தில் விழாமலும், எங்கோ ஓரிடத்தில் விழுந்தும் இருந்தது. படிக்கப் படிக்க அவளுக்குத் தலை சுற்றியது. பதினோராவது மாதம் சரக்கின் இன்ஷூரன்ஸ்காரர்கள், எங்கே உடைந்தது என்பது தெளிவாகவில்லை, ஆனால் பெற்றுக்கொண்ட தாளில் சேதம் குறிக்கப்பட்டிருப்பதால் புதுத் தண்டு அனுப்பச் சம்மதிக்கிறோம் என்று எழுதினார்கள்.

85 ஆகஸ்டில் தண்டு வந்தது. அவளே எடை போட்டு, டாக்ஸி பிடித்து, மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்துமலை கருவியைப் பொருத்திச் சுற்றினார். முள் அசையவில்லை. செல்லாயி மூவருக்கும் காப்பி கலக்கினாள்.

அதற்கப்புறமும் இரண்டு வருடம் பிடித்தது. 87-ல் கோலாலம்பூர் அதிகாரி மூன்று முறை வந்து பார்த்துத் தலையாட்டினார். பத்துமலைக்கு ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. பறக்கும் சங்கத்துப் பயிற்சியாளர் ஒருவர் முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துமலையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

நவமணியும் செல்லாயியும் ஏர்போர்ட் வேலியோரம் நின்றார்கள். விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடியது, சட்டென்று குலுக்கம் நின்றது, மேலே போயிருந்தது. சுண்ணாம்பு மலைகளின் பக்கம் திரும்பிச் சின்னதாகியது. செல்லாயி நவமணியின் கையைப் பிடித்திருந்தாள். வலிக்கிற அளவுக்கு. பதினோரு நிமிடம்.

இறங்கி வந்த பத்துமலை முதலில் குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தார். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தொட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"எப்படிண்ணே இருந்துச்சு?" என்றாள் நவமணி. மூன்று வருடமாக வேறொன்றையும் கேட்க நினைத்திருந்தாள், அதையும் சேர்த்தே கேட்டுவிட்டாள். "எதுக்குண்ணே இதெல்லாம்?"

பத்துமலை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல தங்கச்சி" என்றார். "மேல போனா தெரிஞ்சிரும்னு நெனச்சேன். பாரு, அங்கயும் தெரியல."

அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. விமானம் பறந்துவிட்டால் தனக்கும் எல்லாம் விளங்கிவிடும் என்றுதான் நவமணியும் நம்பியிருந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. கண்ணில் நீர் வந்தது ஏன் என்பதும்கூட.

"பசியாறாம வந்துட்டீங்க ரெண்டு பேரும்" என்றாள் செல்லாயி. "வாங்க, போலாம்."