ராத்தா பென்சிலில் எழுதிய இலக்கம்

ஹமீதா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் உடப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "ஓம் தம்பி, ஓம்" என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்து, என்னை ஏற்றாமலே போய்விட்டது.

எல்லாருக்கும் அக்காவாக வாழ்ந்து மறைந்த அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவறை நினைவிருக்கும். துண்டு வெட்டி வீட்டுக்குப் போன நோயாளிகளின் டிக்கட்டெல்லாம், கட்டிலோடு கிடந்த வைத்தியக் குறிப்பெல்லாம், அங்கேதான் வந்து சேரும். டாக்டர் எழுதிய வருத்தத்தின் பெயரைப் பார்த்து, அந்த நோய்க்குரிய இலக்கத்தைப் போடுவது ராத்தாவின் வேலை. கட்டுகளைச் சுமப்பது என் வேலை. சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணக்கில் கவிழ்ந்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

இலக்கத்தை அவர் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். ஆய்வுகூட அறிக்கை வந்த பிறகுதான் மை. அறிக்கை இல்லாவிட்டால் டிக்கட்டை என் கையில் தந்து வார்டுக்கு அனுப்புவார். "படியேறுங்க தம்பி, வண்டி குறையும்" என்பார், என் தொந்தியைப் பார்த்து.

ஒருநாள் அவர் லீவு. ஒரு மீனவரின் டிக்கட் வந்தது. முதுகில் புற்றுநோய் என்றளவுக்கு டாக்டரின் ஆங்கிலம் எனக்கு விளங்கியது. புத்தகத்தைப் புரட்டினேன், முள்ளந்தண்டு எலும்புக்கு சீ 41.2 என்றிருந்தது. மையாலேயே எழுதிவிட்டேன். அன்று வீட்டில் மனைவியிடமும் மகளிடமும் பெருமையடித்ததை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அடுத்தநாள் ராத்தா டிக்கட்டைப் பார்த்தார். "இது முண்ணாண், தம்பி. எலும்புக்குள்ள ஓடுற நரம்பு. சீ 72.0."

"ரெண்டும் முதுகுதானே ராத்தா?"

"எலும்பு வீடு. முண்ணாண் வீட்டுக்காரர். மன்னார்ல எங்கள வெளியேத்தினப்ப விட்டிட்டு வந்த வீட்டுல சுவர் மட்டும் நிக்கிது, போய்ப் பாத்திட்டு வந்தன். வீட்டுக்காரர் நாங்க தில்லையடியில இருக்கிறம்தானே? ரெண்டும் ஒண்டா?" பிறகு மெல்லச் சொன்னார். "இப்பிடி வருத்தம் எத்தின பேருக்கு எண்டு இந்த இலக்கத்த வெச்சுத்தான் எண்ணுவாங்க. பிழையா எழுதினா, அந்த மனுசன் இல்லாத மாதிரி."

அதன்பின் பேனையை என் கண்ணிலும் காட்டவில்லை.

பிறகு ராத்தாவுக்கே கால் மரக்கத் தொடங்கியது. எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் தன் டிக்கட்டில் தானே பென்சிலால் சீ 72.0 என்று எழுதினார். கொழும்பிலிருந்து அவரும் திரும்பி, அறிக்கையும் வந்தபோது சக்கரக் கதிரையில் பதிவறைக்கு வந்து, பேனையை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுங்க தம்பி."

"என்ட எழுத்த என்ட மகளே வாசிக்கிறாளில்ல. நாளைக்கு ஆறுதலா எழுதுறன் ராத்தா."

சிரித்தார். "நாளைக்கு எண்டா நாளைக்குத்தான்."

அந்த நாளையை ஏழு மாதம் இழுத்தேன். பென்சில் என்றால் அழித்துவிடலாம். அந்த ஒரு நினைப்பு எனக்குப் போதுமாக இருந்தது.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று காலை, ராத்தாவின் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உத்தியோகத்தர் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டு அந்த டிக்கட்டை எடுத்தேன். அறிக்கையை விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். ராத்தாவின் பென்சில் கோட்டை விட்டு விலகாமல், அதன் மேலேயே மை வைத்தேன். சீ 72.0. வீட்டுக்காரர்.

அவருடைய கட்டைப் பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது. அறிக்கை வராத டிக்கட்டுகள் மேசையில் நாலு கிடக்கின்றன, படியேற வேண்டும். வண்டி மட்டும் இன்னும் குறையவில்லை, ராத்தா.