மாமா கையில் நிற்காத வாத்தியங்கள்

எனக்கு இசை தெரியாது. எட்டு வயதில், தெரியாது என்பதும் தெரியாது. பள்ளியில் முதலில் வயலின் கொடுத்தார்கள். பிடுங்கிக்கொண்டு ஊதுகுழல் கொடுத்தார்கள். அதையும் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு முக்கோணக் கம்பியையும் அதைத் தட்ட ஒரு குச்சியையும் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். பாட்டு முடியும்போது ஒரே ஒரு 'டிங்'. அதையும் முன்னாலேயே தட்டிவிடுவேன்.

அம்மாவின் தம்பி கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் எங்களோடுதான் இருந்தார். பொறியியல் படிக்க வந்தவர், படித்தும் முடித்துவிட்டு, சதர்ன் ராக் வாசிக்கும் ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டார். யாராவது வராத நாளில் அந்த இடத்தை நிரப்புவது அவர் வேலை. சதர்ன் ராக் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்த இசை. குழுவில் இருந்தவர்கள் எல்லாம் கியூபெக்காரர்கள், மாமா மதுரைக்காரர். தெற்கு என்று பார்த்தால் தனக்குத்தான் உரிமை அதிகம் என்பார்.

அந்தக் கோடையில் குழு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது. மாமாவையும் நிரந்தரமாகச் சேர்ப்பதா என்பதை புவாண்ட்-கிளேர் பூங்காக் கச்சேரியில் பார்த்து முடிவு செய்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் அப்பா பிடித்து வைத்திருந்த அலுவலக வேலை.

"எதுலயாவது ஒண்ணுல நிலைச்சு நிக்கணும்" என்றார் அப்பா, காரை ஓட்டியபடியே. மாமா தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

மேடையில் கிடாரோடுதான் தொடங்கினார். ஒரு பாட்டுகூட முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் அதை வாங்கிக்கொண்டு வயலினை நீட்டினார். அப்புறம் மாண்டலின். அப்புறம் கீபோர்டு. அதிலிருந்தும் எழுப்பி மவுத் ஆர்கன். இந்த வழி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதைக்கூட, பாவம் என்று தட்டுகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் தாடிக்காரத் தலைவரிடம் ஓடினேன். என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் மன்றாடினேன்: மாமா ரொம்ப நல்லவர், வீட்டில் நாள் முழுக்க வாசித்துப் பழகுகிறார், எதுவும் வராவிட்டால் பரவாயில்லை, முக்கோணக் கம்பியையாவது கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, யோசிப்பதாகச் சொன்னார்.

திரும்பும்போது மாமாவின் காதில் சொன்னேன். "கவலைப்படாதீங்க மாமா, நான் பேசிட்டேன்."

"யார்கிட்டடா?" தொடைத் தாளம் நின்றுவிட்டது.

மறுநாள் தலைவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மாமா குழுவோடு கிளம்பிவிட்டார். அந்தத் திங்கட்கிழமை வேலையில் இன்றுவரை சேரவில்லை. ஊர் ஊராக வாசித்துக்கொண்டே தலை நரைத்துவிட்டது. கையிலிருந்து வாத்தியத்தை வாங்குவது எல்லா இடத்திலும் தண்டனை இல்லை, அடுத்ததற்கும் அதே ஆள்தான் வேண்டும் என்பதாலும் இருக்கலாம் என்று எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. அதுவரை எல்லாம் என் சிபாரிசுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். நான் விடவில்லை. "உண்மையச் சொல்லுங்க மாமா, நான் பேசினதுக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுடா, அமெரிக்காவுல முதல் கச்சேரி பூரா என் கையில முக்கோணக் கம்பிதான்."