கண் டாக்டரிடம் நான் ஒப்பித்த பலகை

ஐந்தாம் வகுப்பில் இரண்டு தரம் உட்கார்ந்தவன் நான். நெம்மேலியில் அப்போது வேறு யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. வாத்தியார் பாடத்தை ஒரு தரம் வாசித்தால் போதும், மூன்று நாள் கழித்துக் கேட்டாலும் வரி பிசகாமல் சொல்வேன். கணக்கை வாயால் கேட்டால் மற்றவர்கள் சிலேட்டைத் துடைப்பதற்குள் விடை வந்துவிடும். ஆனால் புத்தகத்தை விரித்தால் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பரீட்சைத் தாளில் நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியாது. திமிர் என்றார்கள். அதுவும் கொஞ்சம் இருந்தது.

இரண்டாவது தரமும் தேறாததால் பேரை எடுத்துவிடப்போவதாகப் பெரிய வாத்தியார் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கேளம்பாக்கம் உப்பளத்தில் அவரோடு கூடை தூக்க ஆள் வேண்டியிருந்தது. அம்மாதான் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றாள். பையனுக்குக் கண்ணில் கோளாறாக இருக்கும், டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தால் இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று பெரிய வாத்தியார் இறங்கிவந்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் செங்கல்பட்டு போனோம். நான் கண்ணாடி போட்டால் எப்படி இருப்பேன் என்று அம்மா வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரின் அறையிலேயே நீள பெஞ்சு. சுவரில் எழுத்துப் பலகை. ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார்கள். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மூன்றாவது ஆள் எழுந்திருப்பதற்குள் பலகை முழுவதும் எனக்கு மனப்பாடம். என் முறை வந்ததும் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டாக்டர் குச்சியால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொட்டார். எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று மனசுக்குள் எண்ணி எழுத்தைச் சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை. கண் இரண்டும் பருந்துக் கண் என்றார் டாக்டர். என் வாழ்நாளில் நான் தேறிய முதல் பரீட்சை அது. அம்மா சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "இவன் படிக்கல சார். முன்னாடி போனவங்க சொன்னத கேட்டுகினு இருந்துட்டு அப்படியே சொல்றான். வேற எதனா காட்டுங்க."

டாக்டர் மேஜை மேலிருந்த செய்தித்தாளை நீட்டினார். பெரிய எழுத்துத் தலைப்புதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பலகையை மறைத்துவிட்டு, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். பெரிய வாத்தியாருக்குக் கடிதம் எழுதி அம்மாவிடம் கொடுத்தார். கண்ணில் குறையில்லை, மூளையிலும் இல்லை, இவனை எழுதவிடாமல் வாயால் கேட்டுப் பாருங்கள் என்று அதில் எழுதியிருந்ததாகப் பின்னால் தெரிந்தது.

பெரிய வாத்தியார் முனகிக்கொண்டேதான் கேட்டார். வகுப்புக்கு வெளியே நிற்கவைத்து, ஒரு மத்தியானம் முழுக்க எல்லாப் பாடத்திலும் கேட்டார். நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

ஆனாலும் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. பெற்ற பிள்ளையை அத்தனை பேர் முன்னால் மாட்டிவிட்டாளே என்று அப்படி ஒரு கோபம். டாக்டருக்கே தெரியாதது அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, மீன் ஆய்ந்துகொண்டே ஒருநாள் அவளாகச் சொன்னாள். அவள் படித்த மூன்றாம் வகுப்பில் வரிசையாக எழுந்து பாடம் படிக்க வேண்டுமாம். அம்மா எப்போதும் கடைசியில் உட்கார்ந்து, மற்ற பெண்கள் படிப்பதைக் கேட்டு அப்படியே சொல்லிவிடுவாளாம். ஒருநாள் டீச்சர் அவளை முதலில் எழுப்பிவிட்டார். மறுநாளிலிருந்து அம்மா பள்ளிக்கூடம் போகவில்லை.