மதினி நடித்த படம்

அன்று காலை நான் வேறொரு படத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழா அது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களோடு அரங்கம் நிறைந்துவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெயிலில் நின்றதில் கால் கடுத்தது. பக்கத்து அரங்கில் கூட்டமே இல்லை. என்ன படம் என்று கூடப் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். விழாவுக்கென்றே வருடா வருடம் விடுப்பைச் சேர்த்து வைப்பேன். எதைப் பார்ப்பது என்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. பரிசு வாங்கிய படங்களை விட்டுவிடலாம். அவை என்றைக்காவது கைப்பேசிக்கே வந்துவிடும். கேள்விப்படாத நாட்டின் படம், முதல் படம் எடுத்தவரின் படம் என்றால் முந்திக்கொண்டு போவேன். பழைய ஆவணப்படங்கள் எப்போதும் கடைசிதான். அன்று நான் நுழைந்தது அப்படியொரு பழைய ஆவணப்படம். ஐரோப்பியப் பெண் ஒருவர், பல நாடுகளில் கரி சுடுகிறவர்களைத் தேடிப் போய் எடுத்தது.

பிரேசிலில் தொடங்கியது. பிறகு ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு காடு. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அப்போது திரையில் ஒரு கண்மாய்க் கரையும் அதை மூடி நின்ற சீமைக்கருவேலமும் தெரிந்தன. கரையின் வளைவில் தலை சாய்ந்த ஒற்றைப் பனை. அந்தப் பனையை எனக்குத் தெரியும். திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரின் பனை அது. நிமிர்ந்து உட்காருவதற்குள் ஒரு பெண்ணின் பேச்சு கேட்டது.

“நின்னு வேகணும்ங்க. அவசரப்பட்டா எல்லாம் சாம்பலாப் போயிரும்.”

முகம் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அது என் மதினியின் குரல். அண்ணன் மனைவி. அவள் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது.

அந்தப் படப்பிடிப்பு நடந்த நாளில் நான் ஊரில் இல்லை. அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போயிருந்தேன். சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மதினி இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். “ஏ புள்ள, நான் சினிமாவுல நடிச்சுட்டேன் தெரியுமா? ஒரு வெள்ளைக்கார அம்மா வந்துருந்தாக. நான் பேசப் பேச அவுக தலைய ஆட்டுறாக. என்ன வெளங்குச்சோ!” என்று சிரித்தாள். கரிமூட்டத்தில் விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள் கணக்கில் புகைய விடுவதுதான் அப்போது எங்கள் வீட்டுப் பிழைப்பு. அதைப் போய் ஒருவர் படமெடுப்பார் என்பதே அவளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

சினிமாப் பைத்தியம் என்று அண்ணன் அவளைச் சொல்வார். பந்தல்குடிப் பக்கத்துப் பெண். டவுனுக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போனால், திரையில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். மறுநாள் மூட்டத்துக்குத் தண்ணீர் சுமக்கும்போது கூட இருக்கிற பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்லுவாள். படத்தில் செத்தவர்களை அவள் கதையில் சாகவிடமாட்டாள். “அப்படி இல்லையே மதினி” என்று நான் சொன்னால், “நீ சும்மா இரு. இவளுக எல்லாம் பாக்கவா போறாளுக?” என்பாள். நான் இன்று ஊர் ஊராகப் போய்ப் படம் பார்ப்பது அவளோடு அந்த டாக்கீஸில் உட்கார்ந்ததிலிருந்து வந்த பழக்கம்தான்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கைவைத்தியம் பார்த்து, வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு தப்பிவிட்டது. பிள்ளை அப்போது நடக்கக்கூடப் பழகவில்லை. கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் மிஞ்சியது. அதிலும் தலை குனிந்திருப்பாள்.

அண்ணன் மறுகல்யாணம் செய்துகொண்டு பாளையம்பட்டிக்குக் குடிபோனார். வந்தவள் நல்லவள், பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்தாள். ஊர் வாய்தான் சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், “தாயை முழுங்குன புள்ள இதானா?” என்று யாரோ கேட்டதை அண்ணன் மகள் தன் காதால் கேட்டிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். அன்றைக்கு இலையை மடக்கி எழுந்தவள், அதற்குப் பிறகு பெற்றவளைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திரையில் மதினி நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்தாள். கன்னத்தில் கரி. மொழிபெயர்ப்பாளர் ஏதோ கேட்க, “இந்தப் படம் எங்க ஊருக்கு வருமா?” என்று திருப்பிக் கேட்டாள். அப்போது காமிராவுக்குள் வராத இடத்தில் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. மதினியின் முகம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. “ஏ, இந்தா வாரேன்டா, அழுகாத” என்று சொல்லிக்கொண்டே, கேட்டவர்களை மறந்து, சேலையில் கையைத் துடைத்தபடி ஓடினாள். காமிரா அவள் பின்னால் போகவில்லை. புகையும் மூட்டத்தைப் பார்த்தபடி நின்றது. அழுகை கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தில் இதற்கெல்லாம் ஒரு வரியும் இல்லை. அடுத்த காட்சி வேறொரு நாடு. அவள் திரும்ப வரவே இல்லை.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்து பார்த்ததைச் சொன்னேன். நாளை மறுநாள் அதே படம் இன்னொரு முறை உண்டு, வாருங்கள் என்றேன்.

“இப்ப எதுக்குத் தாயி அதக் கிளறுற? நான் பாக்கல. புள்ளகிட்டயும் சொல்லாத. அது இப்பத்தான் நல்லா இருக்கு.”

அண்ணன் பேச்சை நான் மீறியவள் இல்லை. அன்று முழுக்க எந்தப் படத்திலும் மனம் நிற்கவில்லை. எந்த நாட்டுப் பெண் திரையில் திரும்பினாலும் மதினிதான் திரும்புவது போலிருந்தது. அந்த அழுகை காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலை அண்ணன் மகளை, என் மருமகளை, அழைத்துச் சொல்லிவிட்டேன். அவள் விருதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். “சரி அத்தை” என்று போனை வைத்துவிட்டாள்.

வந்துவிட்டாள். வளர்த்த அம்மாதான் ரயிலுக்கு அனுப்பி வைத்தாளாம். “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போயிட்டு வாம்மா” என்றாளாம். மருமகளிடம் விழா அனுமதி அட்டை இல்லை. வாசலில் நின்ற பெண்ணிடம், “படத்தில் இருப்பது இவள் அம்மா” என்றேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

பனை வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். மதினி பேசினாள், கேட்டாள், திரும்பினாள், ஓடினாள். புகை மட்டும் நின்ற அந்த இடத்தில் மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டாள். படம் முடிந்து விளக்கு போட்டார்கள். எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“அத்தை, அழுதது நான்தானா?”

“நீதான்.”

“தூக்கிட்டாக போல. அழுகை நின்னுருச்சுல்ல.”

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பந்தியில் இலையை மடக்கிய நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுததாகத்தான் எனக்குப் பட்டது.

வெளியில் டீ வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றபோது அண்ணன் போன் வந்தது. வளர்த்த அம்மா வீட்டில் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“பாத்தீகளா?” என்றார்.

“பாத்தோம்ண்ணே.”

“அவ சத்தம் எப்படி இருந்துச்சு தாயி? எனக்கு மறந்தே போச்சு. ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாக்கேன், மொகம் வருது, சத்தம் வர மாட்டேங்குது.”

காதில் அப்படியே இருக்கிறது, வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் போனை வாங்கிக்கொண்டாள்.

“என் சத்தம் மாதிரி இல்லப்பா. கனத்த சத்தம். லேசாக் கம்முன மாதிரி இருக்கு.”

“ஆமா,” என்றார் அண்ணன். “பொகையில நின்னு நின்னு அப்படி ஆயிருச்சு. கல்யாணம் ஆகி வந்தப்ப அப்படி இல்ல.”

மகளிடம் அவர் மதினியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று மருமகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டதென்று சனம் எங்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.