ரெண்டாவது டெம்பர்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: நான், பிரஸ் ஓட்டும் தனசேகர், ஃபர்னஸ் ரேவதி. போனில் இருந்தவர் கான்ட்ராக்டர். குரல் மட்டும்தான் வந்துபோனது என்பதால் அவரைப் பாதி ஆளாக வைத்துக்கொண்டால், மொத்தம் மூன்றரைப் பேர்.

நான் எதற்கெல்லாம் கவலைப்படுவேன் என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்கு மனப்பாடம். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மந்தாரக்குப்பத்தில் சின்னப் பட்டறை. சுரங்கத்து கன்வேயர்களில் மாட்டுகிற இரும்புக் கொக்கிகளைச் சூட்டில் அடித்துக் கொடுக்கிறோம். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள்.

பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து பிரஸ் ஒரு அமுக்கு அமுக்கும். கொக்கி ரெடி. அந்த அச்சுக்குப் பெயர் டை.

யோசித்துப் பாருங்கள்... துண்டு ஒரே ஒரு அடி வாங்கிவிட்டு வெளியே போய்விடும். டை எங்கே போகும்? நாள் முழுக்கச் சூடும் அதற்குத்தான், அடியும் அதற்குத்தான். சாதாரண இரும்பில் டை செய்தால் சீக்கிரமே இளகி, வாய் கோணிப்போய் நிற்கும்.

இதற்கென்றே ஒரு ரகம் உண்டு. ஹாட் டை ஸ்டீல் என்போம். குரோமியம், மாலிப்டினம், வனேடியம் என்று என்னென்னவோ கலந்தது. சூடு ஏறினாலும் விறைப்பை விடாது. அடி விழுந்தாலும் சட்டென்று பிளக்காது. உங்கள் வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டம் பிதுங்கி வந்ததும், உங்கள் பைக் இன்ஜினின் மூடி உருவானதும் இந்த மாதிரி ஸ்டீல் அச்சில்தான். விலையைக் கேட்டால் நமக்குத்தான் வியர்க்கும்.

ஆனால் வாங்கி வந்த கையோடு அது வேலைக்கு ஆகாது. வெட்டிக் குடைந்து அச்சாக்கிய பிறகு, பக்குவமாக வேக வைக்க வேண்டும். அங்கேதான் ரேவதி வருகிறார்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். சென்னையில் ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் கடன் வாங்கி எலெக்ட்ரிக் ஃபர்னஸ் போட்டிருக்கிறார். உளி, பஞ்ச் என்று சில்லறை வேலைதான் வந்துகொண்டிருந்தது. பெரிய டை என்றால் எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் சென்னைக்குத்தான் அனுப்புவோம். அவரை நம்பிக் கொடுத்த முதல் டை என்னுடையது.

அது உடைந்தால்? டீ ஆறுவதற்குள் பேச்சு எல்லாப் பட்டறைக்கும் போய்விடும். அப்புறம் அந்த ஃபர்னஸில் அப்பளம்தான் சுட வேண்டும்.

டை கைக்கு வருவதற்கு முன்னால் ரேவதி போன் செய்தார்.

"அண்ணா, ஹார்டனிங் ஆச்சு. ஒரு டெம்பரும் முடிஞ்சுது. ரெண்டாவது டெம்பர் கொடுத்துட்டு அனுப்பிடறேன்."

"இன்னொண்ணா? வேணாம்மா. ஒண்ணு போதும். ஜாஸ்தியானா உடைஞ்சிடும்."

"இல்லண்ணா, இதுக்கு ரெண்டு கொடுக்கறதுதான்..."

"சொல்றேன்ல. எத்தனை வருஷமா பாத்துகினு இருக்கேன். இப்படியே அனுப்பிடும்மா."

"சரிங்கண்ணா."

பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட நிம்மதியில் அன்று இரண்டு டீ குடித்தேன்.

டை வந்தது. பிரஸ்ஸில் மாட்டினோம். தனசேகர் கேஸ் பர்னரை வைத்து அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். ஜில்லென்று இருக்கிற டையில் பழுத்த இரும்பு விழுந்தால் விரிசல் விடும். அதனால் முதலில் டைக்கு ஒத்தடம். ரேவதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார், முதல் அடியைப் பார்க்க. முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னம்மா, பயமா இருக்கா?"

"அண்ணா... ஒண்ணு கேக்கறேன். ரெண்டாவது டெம்பர் ஏன் வேணாம்னீங்க?"

"உடைஞ்சிடுமேன்னுதான்."

"டெம்பர் கொடுத்தா எப்படிண்ணா உடையும்? உடையக்கூடாதுன்னுதானே கொடுக்கறோம்?"

தனசேகர் பர்னரை அணைத்தார்.

என் பாஷையில் டெம்பர் என்றால் விறைப்பு. உளி முனையைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் 'டெம்பர் ஏத்துறது'. முனை மழுங்கினால் 'டெம்பர் போச்சு'. எங்கள் பட்டறைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் பேச்சு. ஆகவே ரெண்டாவது டெம்பர் என்றதும், டபுள் விறைப்பு என்று என் காதில் விழுந்தது. அவ்வளவு விறைத்தால் உடையாதா?

ரேவதி பாஷையில் அது தலைகீழ்.

"ஆயிரம் டிகிரிக்கு மேல ஏத்தி ஆற விட்டதும் கண்ணாடி மாதிரி விறைச்சிடும்ணா. அப்படியே அடிச்சா தெறிக்கும். அதை மறுபடி ஐந்நூறு அறுநூறுல வெச்சு நிதானப்படுத்தறதுதான் டெம்பர். ஆனா அது ஆறும்போது உள்ள கொஞ்சம் புதுசா விறைச்சுக்கும். அதைத் தணிக்கத்தான் ரெண்டாவது."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன். நீங்க 'சொல்றேன்ல'ன்னீங்க." குனிந்து ஹெல்மெட் பட்டையை நிமிண்டினார். "முதல் வேலை. எதிர்த்துப் பேசினா டையைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவீங்களோன்னு..."

தனசேகர்தான் வாய் திறந்தார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய ஆளுக்கொரு பக்கமா இழுத்துகினு இருந்திருக்கீங்க. அந்த டைக்கு நேரா நின்னுகினு இருக்கறது நானு."

அந்த நேரம் பார்த்து, கொக்கிக்கு ஆர்டர் கொடுத்த கான்ட்ராக்டர் போன். சாயங்காலம் வண்டி வரும், சரக்கு ரெடியா என்றார். 'ஒரு நிமிஷம் சார்' என்று போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"ஒரு டெம்பருதான் குடுத்திருக்குது இல்ல?" என்றார் தனசேகர். "மெதுவா போட்டுப் பாக்கலாம்ண்ணே. நான் ஒதுங்கி நின்னுகினு அழுத்தறேன்."

வேலை நின்றால் அன்றைய கூலி நிற்கும். கம்மாபுரத்தில் அவர் வீட்டில் அதை எதிர்பார்த்து அடுப்பு இருக்கிறது. அதனால்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். டை தெறித்தால் ஒதுங்கி நின்றவர், நேரே நின்றவர் என்று பார்த்தா வரும்? கண்ணுக்கு நேராக வரும்.

இந்தப் பக்கம் தனசேகர், அந்தப் பக்கம் ஆர்டர். ரேவதி நிமிர்ந்தார்.

"வேணாம். எறக்குங்க."

"கான்ட்ராக்டர் லைன்ல இருக்காரும்மா."

"இருக்கட்டும்ணா. என் ஃபர்னஸ்ல வெந்தது. நான் வேணாம்ங்கறேன்."

போனிலிருந்து கையை எடுத்தேன். நாளைக்குத்தான் சார் என்றேன். நாளைக்கு என்றால் பாதி போதும், மீதியைப் பண்ருட்டியில் எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். போனது பாதி ஆர்டர்.

டையைச் சீக்கிரம் இறக்க வேண்டுமே என்று, "தண்ணி ஊத்தி ஆத்திடலாமா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன். தானாக ஆறியது. கோணியில் சுற்றி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ரேவதி போனார். தனசேகருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்காது. கொடுத்தும் வரவில்லை.

கவலைப்படுகிறவன் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வான் என்று நினைக்காதீர்கள். தெரிந்ததையே பத்து தரம் கேட்பான். தெரியாததை, தெரியும் என்று நினைத்து விட்டுவிடுவான். 'நீங்க டெம்பர்னு எதைம்மா சொல்றீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதாதா?

ரேவதியின் அந்த 'சரிங்கண்ணா'வை நினைத்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் எத்தனை 'சரி' சொல்கிறார்கள்! புது மருமகள், புது டிரைவர், புது நர்ஸ்... சரி என்று காதில் விழுந்ததும் நமக்கு வேலை முடிந்துவிடுகிறது. எதிரில் நிற்கிறவர் எதை முழுங்கினார் என்று யார் பார்க்கிறோம்?

மறுநாள் ரெண்டாவது டெம்பர் முடிந்து டை வந்தது. மறுபடி மாட்டி, மறுபடி ஒத்தடம். தனசேகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் நின்றார். ரேவதி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். தள்ளி வந்து தூணுக்கு இந்தப் பக்கம் நில்லும்மா என்றேன். கேட்கவில்லை.

துண்டு பழுத்து வந்தது. பிரஸ் இறங்கியது. ஒரு கொக்கி விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ரேவதி டார்ச் அடித்து டையின் மூலைகளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, முதல் முறையாகச் சிரித்தார்.

தனசேகர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ண்ணே, வெளிய வாங்க. அந்தத் தூணு தானா நிக்கும். நீங்க கட்டிப் புடிச்சுகினு இருக்க வாணாம்."