பத்தொன்பது மதிப்பெண் வாங்கிய கட்டுரை

எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டில் என் கட்டுரைக்கு ஒரு சாப்ட்வேர் இருபதுக்கு நான்கு மதிப்பெண் போட்டது. துறைத்தலைவர் அதன் கீழே கையெழுத்திட்டார். சாப்ட்வேர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதற்கு என்ன தெரியும்? அவர் மேல்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

'வீடு திரும்புதல்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். என் அத்தா பதினெட்டு வருடம் சவுதியில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பியிருந்த சமயம் அது. சொந்த வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட அம்மாவிடம் கேட்பார். எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல், அவர் லீவில் வந்திருந்தபோது ஏழு வயதில் நான் விரும்பித் தின்ற பிஸ்கட்டையே வாங்கி வருவார். அதைத்தான் எழுதினேன். அடித்துத் திருத்தி மூன்று முறை எழுதினேன்.

மதிப்பெண்ணும் கட்டுரையும் பெற்றோரின் போனுக்கும் போகும் என்பதை நான் மறந்துவிட்டேன். 'அன்றாட விவரங்களைத் தவிர்க்கவும், கருத்து வளர்ச்சி இல்லை' என்ற குறிப்போடு அது அத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் கேட்டுட்டுத்தான் ஃப்ரிட்ஜ தொறக்குறேன். நெஜத்தத்தானம்மா எழுதியிருக்க? அப்புறம் ஏன் நாலு?"

கட்டுரையை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். யாரையும் அதட்டிப் பேசாத மனிதர் அவர். நாலு மணிக்கெல்லாம் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஒரே ஒரு முறை படித்துப் பாருங்கள் என்று தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மெஷினுக்கு நீ யாரு, நான் யாருன்னு தெரியாதும்மா. அது பாரபட்சம் பாக்காது. நான் படிச்சாத்தான் தப்பு வரும்."

நீட்டிய கையை நானேதான் மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த சாப்ட்வேரில் பயிற்சிக்காக எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் ஏற்றிப் பார்க்கலாம். ஒரு மாதம் அதையே செய்தேன். பத்திக்குப் பத்தி 'மேலும்', 'எனவே' என்று தொடங்கினால் மதிப்பெண் ஏறியது. நீளமான சொற்கள் போட்டால் இன்னும் ஏறியது. முதல் பத்தியையே கடைசியில் கொஞ்சம் மாற்றி எழுதினால் முடிவுரை சிறப்பு என்றது. அர்த்தத்தை அது தேடவே இல்லை.

அடுத்த தலைப்பு காவிரி. என் மூன்றாம் பத்தியில் இப்படி எழுதினேன்: 'மேலும், இக்கட்டுரையைத் துறைத்தலைவர் படிக்கப்போவதில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. எனவே, காவிரியானது பஞ்சு மெத்தையில் உறங்கி எழுந்து பண்பாட்டு விழுமியங்களை உலர்த்துகிறது.'

பத்தொன்பது வந்தது. வகுப்பில் முதலிடம். துறைத்தலைவர் அதை அச்செடுத்து, 'படித்து மகிழ்ந்தேன்' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வர இருந்தது.

குழுவினர் எங்கள் துறைக்கு வந்தபோது, புதிய முறையால் மாணவர்களின் எழுத்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். அந்தத் தாளைப் பலகையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

நிதானமாக வாசித்தேன். மூன்றாம் பத்தி வந்ததும் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். குழுவிலிருந்த ஒரு அம்மா தாளை வாங்கிப் பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார்.

"இத நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. அந்த அரை நிமிடத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூடக் கசக்கவில்லை.

அத்தாவுக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. வயதில் பெரியவரை இத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தியிருக்க வேண்டாம், தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம் என்றார்.

"தனியாத்தான் அத்தா முதல்ல போனேன்" என்றேன்.

சாப்ட்வேரை எடுத்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டுரையையும் ஆசிரியர் ஒருவர் படித்தே மதிப்பெண்ணை உறுதி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஜூனில் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. என் நான்கு மட்டும் நான்காகவே நின்றது. பதிவேற்றிய மதிப்பெண்ணை மாற்ற வழியில்லையாம்.

போன மாதம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மடியில் தாள்கட்டு, கையில் பேனா. பஸ் குலுங்கக் குலுங்கப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப எல்லாத்தையும் நானேதாம்மா படிக்கிறேன். கண்ணெல்லாம் வலிக்குது."

ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"படிங்க சார்" என்றேன். மாம்பழச்சாலை வந்தது. இறங்கிக்கொண்டேன்.