எந்தத் தண்ணி?

எங்கள் பக்கத்தில் ஒருத்தரைத் "தண்ணியில இருக்காரு" என்று சொன்னால், எந்தத் தண்ணி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மரக்காணத்தைச் சுற்றிப் பாதிப் பேருக்கு உப்பளத்தில்தான் வேலை. விடிந்ததிலிருந்து பாத்தியில் உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களும் தண்ணியில் இருக்கிறவர்கள்தான், ஒயின்ஷாப்பிலிருந்து வருகிறவர்களும் தண்ணியில் இருக்கிறவர்கள்தான். என் வீட்டுக்காரர் இரண்டிலும் சேர்த்தி. அவர் மேல் கேஸ் போட்டபோது இந்த வார்த்தை கோர்ட் வரைக்கும் போனது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதற்குப் பின்னால் வந்த மாதங்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

அப்போது அவர் காலையில் அளத்தில் உப்பு வாருவார். மத்தியானத்துக்கு மேல் முதலாளியின் குட்டியானை வண்டியில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி கடைகளுக்குப் போவார். அளத்துக் கூலி கைக்கும் வாய்க்குமே பத்தாது, வண்டி ஓட்டுவதில்தான் குடும்பம் நடந்தது. அன்றைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும் கூடப் போனேன். நான் துணிக்கடையில் புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மனுஷன் வேறொரு கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "கொஞ்சூண்டுதான்" என்றார். அந்தக் கொஞ்சூண்டுக்கு நான் கோட்டக்குப்பம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

கோட்டக்குப்பத்தில் போலீஸ் வண்டிகளை ஓரங்கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கி நின்றார். மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே காலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. எஸ்.ஐ. அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, தண்ணியில இருக்கியா?"

காலைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார் இவர். "ஆமா சார், விடியக்காலையிலேருந்து தண்ணியிலதான் சார் இருக்கேன்."

"விடியக்காலையிலேருந்தா? கூச்சமில்லாம வேற சொல்ற! ஊது."

ஊதினார். மெஷின் கத்தியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வண்டியை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள், முதலாளி வேறு டிரைவரை அனுப்பித்தான் எடுக்க முடிந்தது. நாங்கள் பஸ் பிடித்து வீடு வந்தோம், புடவைப் பை என் மடியில். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திட்டுகிறபோதெல்லாம் சிரிக்கிற மனுஷன் அன்றைக்கு நான் பேசாததற்குப் பயந்துபோனார்.

வக்கீல் விவரமாகச் சொன்னார். முதல் தடவை என்றாலும் பத்தாயிரம் வரைக்கும் அபராதம் போடலாம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம், இரண்டும் சேர்த்தும் போடலாம். பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும், ஆனால் லைசென்ஸைச் சஸ்பெண்ட் பண்ணிவிடுவார்கள். எனக்கு அபராதம் காதில் விழவே இல்லை. லைசென்ஸ் போனால் குட்டியானை போய்விடும், முதலாளி எத்தனை நாள் காத்திருப்பார்?

"ஒத்துக்காம கேஸ் நடத்தலாம்மா," என்றார் வக்கீல். "மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தாங்கன்னு கேக்கலாம். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணலைன்னு கேக்கலாம். தண்ணியில இருந்ததா அவரே ஒத்துக்கிட்டாருன்னு எழுதியிருக்காங்க, அதுதான் நமக்குச் சாதகம். உப்பளத்து ஆளு, அளத்துத் தண்ணியைத்தான் சொன்னாருன்னு அடிச்சுப் பேசலாம். பக்கத்துல உக்காந்திருந்தது நீங்க. அவரு குடிக்கலைன்னு நீங்க சாட்சி சொல்லணும்."

நான் யோசிக்கவே இல்லை, சொல்கிறேன் என்றேன். அவர் மேல் அவ்வளவு கோபம் இருந்தும் சொல்கிறேன் என்றேன். சமையல் செய்யும்போதுகூட எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "ஐயா, அவரு ஒரு சொட்டுகூடக் குடிக்கலைங்க." இரண்டாம் தடவையே கூசாமல் வந்துவிட்டது. அடுப்பங்கரை வாசலில் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி காகிதங்களைப் பார்த்துவிட்டு, "தண்ணியில் இருந்ததாக ஒத்துக்கொண்டிருக்கிறீர்களே, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வக்கீல் எழுந்து உப்பளம், பாத்தி என்று அழகாக ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அவரே சொல்லட்டும். எந்தத் தண்ணி?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு தண்ணியிலயும் இருந்தேங்கய்யா. காலையில அந்தத் தண்ணி, சாயங்காலம் இந்தத் தண்ணி."

கோர்ட்டே சிரித்துவிட்டது. வக்கீல் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அபராதம் கட்டினோம். லைசென்ஸை ஆறு மாசத்துக்குச் சஸ்பெண்ட் பண்ணினார்கள்.

வெளியே வந்து அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். "நான்தான் சொல்றேன்னு சொன்னேன் இல்ல? அதுக்குள்ள இன்னா அரிச்சந்திரன் வேஷம்?"

"உன்னைக் கூண்டுல ஏத்திப் பொய் சொல்ல வைக்கவா கட்டிக்கிட்டு வந்தேன்?" என்றார். 

குட்டியானைக்கு வேறு டிரைவர் வந்தார். இவருக்கு அளத்து வேலை மட்டும் மிஞ்சியது. எங்களிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது. நான் அங்கன்வாடி வேலைக்குப் போய்வர வாங்கினது, லைசென்ஸும் எனக்கு மட்டும்தான் உயிரோடு இருந்தது. காலையில் அவரைப் பின்னால் உட்கார வைத்து அளத்தில் இறக்கிவிடுவேன், மத்தியானம் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். அளத்தில் எல்லோருக்கும் அது திருவிழா. "ஏம்பா, உன் டிரைவர் வந்துட்டாங்க, கெளம்பு" என்று வரப்பிலிருந்து கத்துவார்கள். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பிரேக் பிடி, ஹாரன் அடி, அந்த லாரியை விடு என்று உயிரை வாங்குவார்.

முதல் மாசம் அப்படிப் போனது. அப்புறம் ஹாரனை விட்டுவிட்டு வேறு பேச ஆரம்பித்தார். நேருக்கு நேராகப் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், என் முதுகைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு பேசினார். சின்ன வயதில் அனுமந்தைக் குப்பத்துக்குப் போய் மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினதைச் சொன்னார். என் சமையலில் எது பிடிக்காது என்றுகூடச் சொன்னார், அத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் தின்றிருக்கிறார்.

ஒருநாள் எங்கள் முதல் குழந்தையைப் பற்றிப் பேசினார். பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் இறந்துபோன குழந்தை. அன்றைக்கு அவர் வரவில்லை. எங்கேயோ குடித்துவிட்டுக் கிடந்திருப்பார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன், ஒரு தடவையும் கேட்டதில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லதான் வண்டியில உக்காந்திருந்தேன்," என்றார் பின்னாலிருந்து. "படியேற காலு வரலை. குடிக்கவும் இல்ல."

நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார் என்று பயம். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டுத் திருப்பம் வந்தும் திரும்பாமல் நேராகப் போனேன், அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆறு மாசம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தது. நல்ல வேளையாக முதலாளி வண்டியைத் திரும்பக் கொடுத்தார். அதற்குப் பிறகு குடித்துவிட்டு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். எப்போதாவது நானும் குட்டியானையில் கூடப் போகிறேன். பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். பேச்சு வருவதில்லை.

லைசென்ஸ் வந்த அன்றைக்கு அவர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு, "நாளையிலேருந்து உனக்கு அலைச்சல் இல்ல, நானே போய்க்குவேன்" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"ஏய், சந்தோசத்துல அழுவுறியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.